காசுக்கு வந்த கூட்டமா?

காசு கொடுத்தால் யார் கூப்பிட்டாலும் வந்துவிடும் கூட்டம் என்று இன்று தமிழ்நாட்டில் எவரும் எங்கும் சொல்லலாம். மறுத்துப் பேச ஆளிருக்காது. தேர்தல் வந்தால் வேனிலும் லாரியிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைத் தொலைக்காட்சி காட்டும். தலைக்கு இருநூறு, முந்நூறு, ஒரு பிரியாணிப் பொட்டலம், ஆண்களுக்குக் குவார்ட்டர் என்று விலைப்பட்டியல் வாசிக்கப்படும். அந்த ஏளனம் அரசியல் பொதுக்கூட்டத்தோடு நிற்பதில்லை. ஆலைக்கு எதிராக ஊர் திரண்டால், யாரோ தூண்டிவிட்டார்கள் என்கிறார்கள். நெரிசலில் மக்கள் செத்துப்போனால், புத்திகெட்ட ஜனம் என்கிறார்கள். கிராம சபையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், இவர்களுக்கு எதற்கு ஜனநாயகம் என்கிறார்கள். கூடினாலும் குற்றம், கூடாவிட்டாலும் குற்றம். படித்தவர்களும் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் எல்லோருக்கும் தெரிந்த உண்மையைப் போல இதைச் சொல்லிவருகிறார்கள். இது உண்மையில்லை. கூடும் உரிமையையே இது அரித்துக்கொண்டிருப்பதால், விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் காசு. காசு கொடுக்கப்படுகிறது, ஆள் பிடிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள், இதை மறைத்து யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் காசு வாங்கியவர் காசுக்காக மட்டுமே வந்தார் என்பதும், வாங்கிய கணத்திலேயே யோசிப்பதை விட்டுவிட்டார் என்பதும் எங்கிருந்து வந்த முடிவு? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. அதை விட்டுவிட்டு அவர் எங்கே போனாலும், ஆஸ்பத்திரிக்கே போனாலும், அன்றைக்கு அடுப்புக்கு வழி என்ன என்ற கேள்வி கூடவே வரும்.

மக்களாட்சி பிறந்த இடம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் ஏதென்ஸ் நகரத்தில், கி.மு. 403க்குப் பிந்தைய ஆண்டுகளில், மக்கள் பேரவைக்கு வருகிறவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அகிர்ரியஸ் என்பவர் ஓர் ஒபோல் நாணயத்தில் தொடங்கினார், ஹெராக்ளைடிஸ் இரண்டாக்கினார், அகிர்ரியஸ் மறுபடி மூன்றாக்கினார். ஆட்கள் வராததால் தீர்மானம் நிறைவேற்றப் போதிய எண்ணிக்கை சேரவில்லை என்பதே காரணம் என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூல் சொல்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையில், சந்தையில் பேசிக்கொண்டு நின்றவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துப் பேரவை கூடும் பினிக்ஸ் குன்றுக்கு ஓட்டியதையும் அரிஸ்டோபனிஸின் நாடகம் காட்டுகிறது. கூலிக்காக முண்டியடித்து வருகிறவர்களை அவரும் கேலி செய்தார். கேலி அவ்வளவு பழையது. ஆனாலும் போர் தொடுப்பதா, சமாதானம் செய்வதா என்பதை அந்தக் கூலி வாங்கிய மக்கள்தான் கையுயர்த்தி முடிவு செய்தார்கள். கூலி வாங்கியதால் அவர்களுடைய வாக்கு செல்லாது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் தனி. அதற்கு மேல், கூட்டத்தொடரில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் ஒவ்வொரு நாளுக்கும் படி உண்டு. 2,000 ரூபாயாக இருந்ததை 2025இல் 2,500 ஆக உயர்த்தினார்கள். அவர் படிக்காகத்தான் டெல்லிக்குப் போகிறார் என்று யாரும் பேசுவதில்லை. பேசவும் கூடாது. நேரத்துக்கு ஈடு வாங்கியவர் மூளையை விற்றுவிட்டார் என்ற சந்தேகம் வேனில் ஏறும் பெண்ணின்மேல் மட்டும் விழுவானேன்?

அங்கே கொடுப்பது பொதுப்பணம், இங்கே கொடுப்பது கட்சிப் பணம் என்று எதிர்வாதம் வரும். நியாயமான வாதம்தான். கட்சிப் பணம் கூட்டத்தைக் கெடுக்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் குற்றம் கொடுக்கிறவருடையது. கொடுத்தவர் மேடையில் மாலையோடு நிற்க, வாங்கியவரை மட்டும் இகழ்வது எந்த நீதி? மேலும், பெரிய பெரிய கூட்டங்களைச் சேர்த்துக் காட்டிய கட்சிகள் தேர்தலில் தோற்றதைத் தமிழ்நாடு எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. பிரியாணி சாப்பிட்ட கைகளில் பல, வேறு சின்னத்தில் குத்தியிருக்கின்றன. கூட்டத்துக்குப் போவது வேறு, வாக்கைக் கொடுப்பது வேறு என்று அந்த மக்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். பிரிக்கத் தெரியாதவர்கள் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள்தான்.

எதற்காக வருகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்க வேண்டும் என்று நினைப்பதிலேயே பிழை தொடங்குகிறது. வரும்போது ஒரு காரணம் இருக்கும். வந்து உட்கார்ந்த பிறகு இன்னொன்று பிறக்கும். இதற்கு நம்மிடமே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

சென்னைப் பெரம்பூரில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர் செல்வபதி செட்டியார். அவரும் ராமானுஜுலு நாயுடுவும் ஸ்ரீ வெங்கடேச குணாமிருத வர்ஷிணி சபா என்ற பக்திச் சபையை நடத்திவந்தார்கள். சமயச் சொற்பொழிவும் பஜனையும்தான் அதன் வேலை. ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே போய் உட்காருவார்கள். பெருமாள் பெயரைக் கேட்க வந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரோடு பேசத் தொடங்கினார்கள். விடியுமுன் வேலைக்குப் போவது, சோறு தின்னப் போதாத இடைவேளை, கொஞ்சம் தாமதமானால் அடைக்கப்படும் வாயிற்கதவு, மேலாளர்களின் வசவும் அடியும் என்று ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்ததாக எண்ணிச் சுமந்துகொண்டிருந்தவை எல்லோருக்கும் நேர்ந்தவை என்று அங்கேதான் தெரிந்தது. சபையை நடத்தியவர்களிடம் முறையிட்டார்கள். அவர்கள் தன்னாட்சி இயக்கத் தலைவர்களில் ஒருவரான பி.பி. வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர். திரு.வி.க. அதன் துணைத்தலைவராகப் பணியாற்றினார். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பலரும் கொண்டாடும் சங்கம் அது.

பஜனைக்கு வந்த ஜனம் என்று 1918 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் அவர்களைக் கடந்து போயிருந்தால், அவர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. பஜனைக்குத்தான் வந்தார்கள். அங்கே உருவாகிக்கொண்டிருந்தது என்ன என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்காது. 1921இன் நீண்ட வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் சாதி வழியாகப் பிளவுபட்டு மோதிக்கொண்டதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கூடியதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. தனித்தனியே இருந்தபோது அவர்களுக்குக் கிடைக்கவே முடியாத ஒன்று கூடியபோது கிடைத்தது என்கிறேன்.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை வணிகர் சங்கம், அதாவது மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ், 1836இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. தொழிலாளிகள் தங்கள் சங்கத்தை அமைப்பதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்களும் முதலாளிகளும் கூடிப் பேச ஓர் அவை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கூடியபோது அதை யாரும் கூட்டவெறி என்று சொல்லவில்லை. விருந்து பரிமாறப்பட்டபோது சோற்றுக்கு வந்தவர்கள் என்றும் சொல்லவில்லை. வசதியுள்ளவர்கள் கூடாமல் வாழ்கிறார்கள் என்பது வெறும் தோற்றம். கிளப், சங்கம், அறக்கட்டளை, பழைய மாணவர் விருந்து, சபாவின் முன்வரிசை என அவர்கள் ஓயாமல் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூரைக்குக் கீழே, குளிர்ந்த அறைகளில் கூடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. ஒரு பிரச்சினை என்றால் அவர்கள் கலெக்டரை, அமைச்சரைத் தொலைபேசியில் பிடித்துவிடலாம். அது முடியாதவர் தனியாகப் போனால் கையில் மனு ஒன்றுதான். நூறு பேராகப் போனால்தான் நாற்காலியை விட்டு ஓர் அதிகாரி எழுந்துவருகிறார். எண்ணிக்கையைத் தவிர வேறு பலம் இல்லாதவர்களிடம் போய், எண்ணிக்கை அசிங்கம் என்று சொல்வது கொடுமை.

இந்த ஏளனத்துக்குக் கல்வித் தோரணை கொடுத்தவர் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ பான். 1895இல் வந்த அவருடைய கூட்ட உளவியல் நூலின் சாரம் இதுதான்: தனி ஆளாகப் பண்பட்டவனாக இருப்பவனும் கூட்டத்தில் சேர்ந்தால் காட்டுமிராண்டி ஆகிறான், அறிவு போய் உணர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியைக் கண்டு அஞ்சிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த அச்சமே அவருடைய கோட்பாடு. ‘கும்பல் மனநிலை’ என்று இன்று நம் ஊடகங்கள் சொல்லும்போது, அவர் பெயரே அறியாதவர்களும் அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

அந்தக் கோட்பாட்டின் விலை என்ன என்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் காட்டியது. 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். வெளியே நெரிசல் கூடியபோது போலீஸே ஒரு வெளியேறும் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பித் தடுப்புகளுக்குள் போகும் வழியை அடைக்கவில்லை. அந்த நெரிசல் பறித்த உயிர்கள் 97. குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் கதவை உடைத்தார்கள் என்ற பொய் அன்று மாலையே பரப்பப்பட்டது. போலீஸாரின் வாக்குமூலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை, காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டு மாற்றி எழுதப்பட்டிருந்ததை 2012இல் தனிக்குழு வெளிக்கொண்டுவந்தது. 2016இல்தான் நடுவர் குழு, இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள்மேல் பழி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. 27 ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் பிள்ளைகளை இழந்த துயரத்தோடு அவப்பெயரையும் சுமந்தன. அந்த ரசிகர்கள்தான், விளம்பரப் பலகைகளைப் பிய்த்தெடுத்து ஸ்ட்ரெச்சராக்கி, விழுந்தவர்களைச் சுமந்து ஓடியவர்கள். அறிவிழந்த கூட்டம் இப்படியா செய்யும்?

கரூர் வேலுசாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் பிரச்சாரக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தபோது, மறுநாள் காலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், ‘கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏன் போனாள்?’ என்பது. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். அதை இங்கே தீர்ப்பெழுத நான் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், எந்தத் தனி மனிதராலும் தன் விருப்பப்படி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. மார்பு அழுந்தி மூச்சு நின்றுதான் பெரும்பாலோர் சாகிறார்கள். அங்கே நிற்பவர் பேராசிரியராக இருந்தாலும் கதி அதுதான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், வழி எத்தனை, நேரம் தவறியது ஏன், தண்ணீர் இருந்ததா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். செத்தவரின் புத்தியைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போடுகிறது.

சரி, வன்முறைக் கூட்டங்கள் இல்லையா? இருக்கின்றன. அங்கேதான் இந்தக் கோட்பாடு இன்னும் மோசமாகத் தவறுகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு வழியை அடைத்துவிட்டு வந்தார்கள். பொருள்களைக் கொள்ளையடித்துவிட்டுத் தீ வைத்தார்கள். யாருடைய வீடு எரிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இதில் அறிவு எங்கே மயங்கியது? திட்டம் இருந்தது, இலக்கு இருந்தது, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவளர்த்த சாதி இருந்தது. கும்பல் மனநிலை என்று இதைச் சொன்னால் குற்றவாளிகளுக்குத் தப்பிக்கும் வழி கிடைக்கிறது. ஆலையை எதிர்த்து அமைதியாக உட்கார்ந்த ஊருக்கும், சேரியை எரிக்கப் போன கூட்டத்துக்கும் ஒரே பெயர் கிடைக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத கோட்பாட்டால் யாருக்கு என்ன பயன்?

கிராம சபைக்கு வருகிறேன். 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்து வாக்காளர் அனைவரும் உறுப்பினராக இருக்கும் ஓர் அவை நாட்டுக்குக் கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் உட்காரும் சட்டமன்றம் போன்றதல்ல இது. வாக்குள்ள ஒவ்வொருவருக்கும் இங்கே பேச இடம் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் இது கூட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாட்களாக இருந்ததோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை அழைத்துவந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறார்கள் என்பது ஊரறிந்தது. மக்களுக்கு அக்கறை இல்லை என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அக்கறை எங்கிருந்து வரும்? கூட்டப்பொருள் மேலிருந்து அச்சாகி வருகிறது. டாஸ்மாக் கடை வேண்டாம் என்று ஊர் தீர்மானம் போடுகிறது. கடை அதே இடத்தில் இருக்கிறது. குடிநீர் கேட்டுப் போட்ட தீர்மானத்துக்குப் பதிலே வருவதில்லை. தன் சொல்லால் எதுவும் நகராது என்று கண்ட பிறகு ஒருவர் வீட்டில் இருந்துவிடுவது நிதானமான முடிவு. அதை அறியாமை என்பது அபாண்டம்.

சொல்லுக்கு வலு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியாம்கிரி மலை இருக்கிறது. அங்கே வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காகப் பாக்சைட் வெட்டத் திட்டமிட்டார்கள். டோங்கரியா கோண்ட் பழங்குடிகளுக்கு அந்த மலை கோயில்; நியாம் ராஜா வசிக்கும் இடம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், இதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்க, மாநில அரசு 12ஐ மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலை 18 தொடங்கி ஆகஸ்ட் 19 வரை, மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர, ஒவ்வொன்றாகக் கூட்டம் நடந்தது. ஆயுதம் தாங்கிய காவலர்கள் சூழ்ந்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களும் பெண்களும் எழுந்து நின்று, தங்கள் மொழியில், இந்த ஓடை எங்கிருந்து வருகிறது, இந்தக் காட்டில் என்ன விளைகிறது, மலை போனால் தாங்கள் என்ன ஆவோம் என்று பேசினார்கள். 12 சபைகளும் ஒருமனதாக மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை நிராகரித்தது. அந்தப் பன்னிரண்டு கூட்டங்களுக்கு யாரும் பிரியாணி கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் உத்திரமேரூரை நினைவுபடுத்துவார்கள். அந்தக் காலத்திலேயே எப்படிக் கூடினோம், இன்று எப்படிக் கெட்டுப்போனோம் என்ற புலம்பலும் அதே ஏளனத்தின் வேறு உருவம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் மதிப்பிட முடியாதவை. 30 குடும்புகள், குடவோலை, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்ற கண்டிப்பு எல்லாம் இன்றைய ஊராட்சிக்கும் வேண்டியவை. ஆனால் அது பிரமதேயத்துச் சபை. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி இருந்தவர் மட்டுமே பானைக்குள் பெயர் போட முடிந்தது. வேளாண் ஊர்களுக்கு ஊர் என்ற அவையும், வணிகருக்கு நகரம் என்ற அவையும் தனியே இருந்தன. உழைத்தவர்களுக்கு அவற்றில் எதிலும் வாசல் இல்லை. பெண்களுக்கும் இல்லை. இன்றைய கிராம சபை அந்தப் பழைய சபையைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது, காலி நாற்காலிகளோடும்.

அந்த உயர்வைச் சகிக்க முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்தால் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் நாடெங்கும் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். ஓர் அவை எப்படிப்பட்டது என்று தெரிய, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதைவிட, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வாய் திறந்தார்கள், மறுத்துப் பேசியவர் வீடு திரும்பினாரா என்று பார்க்க வேண்டும். காசு வாங்கினார்களா என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருந்தால் தெற்குத்திட்டை நமக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

கூட்டத்தை இகழும் பேச்சு வெறும் பேச்சாக நிற்பதில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது பிரிவு கொடுக்கிறது. சென்னையிலோ 1888இல் வெள்ளைக்காரன் போட்ட நகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, ஐந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 1923 மே 1 அன்று பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் தொழிலாளர் நாளைக் கொண்டாடிய மெரினா கடற்கரையில், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கான இளைஞர்கள் தாங்களே குப்பை பொறுக்கி, போக்குவரத்தை ஒழுங்குசெய்து அமர்ந்திருந்த அதே மணலில், அதன் பிறகு போராட்டத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மக்கள் மந்தை என்ற கருத்து எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு எளிதாக இந்தத் தடைகள் ஏற்கப்படுகின்றன.

கரூருக்குப் பிறகு, பெருங்கூட்டம் நடத்துகிறவர்கள் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்ற யோசனை பேசப்பட்டது, பலர் வரவேற்றார்கள். பாதுகாப்புக்கு விதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முன்பணம் யாரால் கட்ட முடியும் என்று பாருங்கள். லாரியும் வேனும் பிரியாணியும் ஏற்பாடு செய்கிற கட்சியால் முடியும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களால் முடியாது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பையை அள்ளிய அந்தப் பணியாளர்களுக்கு யாரும் தலைக்கு முந்நூறு கொடுக்கவில்லை. வேலையைத் தனியாரிடம் விடாதே என்று கேட்டு, கூலியை இழந்து உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். காசுக்கு வரும் கூட்டத்தின்மேல் உள்ள வெறுப்பில் நாம் கைதட்டி வரவேற்கும் விதிகள், காசு செலவழிக்கக் கூடியவர்களின் கூட்டத்தை மட்டுமே ஊரில் மிச்சம் வைக்கப்போகின்றன.